இரண்டாவது நோட்டு

இர்ஃபான், போன ஞாயிற்றுக்கிழமை எலவனாசூர்கோட்டையில் உனக்கு மாமனார் ஆகப்போகிறவர் வீட்டில் ஆண்களெல்லாம் முன்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ என்னைப் பற்றி ஒரு கதை சொன்னாய். உள்ளே பெண்கள் பக்கத்தில், நீ கட்டிக்கொள்ளப்போகும் ரிஸ்வானாவின் அம்மாவோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. என் அம்மா கடை மேசையில் உட்கார்ந்துகொண்டே மியூசிக் பிளேயர் ஃபில்டர்களைப் பற்றிப் படித்தவர், அவர் எழுதியதைத் திருடி வீடியோ போட்டவனைக் கரியாலூரில் நாற்பது பேர் முன்னால் மாட்ட வைத்தவர், அதற்கு உதவியது நான் தோற்றுப்போன இன்டர்வியூதான் என்று சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்வானாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புள்ள உங்கள எப்டித் தூக்கி வெச்சிக்கினு பேசுது பாருங்க" என்றார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். நீ சொன்ன கதையில் ஓரிடம் தப்பு. அது தப்பென்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான்கு வருஷமாக அதை நான் திருத்தவில்லை.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நீ இங்கே இருந்தபோது நேரில் சொல்லலாம் என்று மூன்று முறை உன் அறைக் கதவு வரை வந்து திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். முதலில் உனக்கு அனுப்புவேன். இரண்டு நாள் கழித்து நம் பாட்டுப் பிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இதை அப்படியே போடுவேன், ஏனென்றால் அன்றைக்குக் கரியாலூரில் எனக்குக் கைதட்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியட்டும். கல்யாணம் ஆகப்போகும் பிள்ளைக்கு ஒரு தாய் எழுதினால் நடுநடுவே புத்தி சொல்வதும் வந்துவிடும், பொறுத்துக்கொள். ஆனால் யாரையும் பழிவாங்காதே என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீடியோ போட்ட தியாகுவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனிமேலும் மன்னிக்க மாட்டேன்.

அதெல்லாம் ஆரம்பித்தபோது நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். கள்ளக்குறிச்சியில் கச்சிராயப்பாளையம் சாலையில் நம் கடை வாட்ச் கடையாக இருந்து, ரேடியோ கடையாகி, இயர்போனும் செல்போன் கவரும் விற்கும் கடையாக மாறியிருந்தது. போனில் பாட்டுக் கேட்பது பிடிக்காமல், பாட்டுக்கென்றே தனியாகக் கையடக்கமான பிளேயர் வாங்குகிற கொஞ்சம் பேர் இந்த ஊரிலும் உண்டு என்று கண்டுபிடித்தது நான்தான். உன் அத்தா தயங்கினார், நான் வரவழைத்து வைத்தேன். ஒரு நாள் ஒருவர் வாங்கின பிளேயரை எடுத்துக்கொண்டு வந்து, "மெனுவுல ஃபில்டர்னு அஞ்சு பேரு போட்டுக்கிது, எத வெக்கறதுங்க?" என்று கேட்டார். எது உங்களுக்கு நன்றாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள் நான். விற்கிற பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேனே என்று இருந்தது. அன்றிலிருந்து எட்டு மாதம், கூட்டமில்லாத மத்தியானங்களில், பிளேயருக்குள் இருக்கும் சிப்புக்கு அதைச் செய்தவர்கள் போடுகிற விவரக் குறிப்புகளை இறக்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நான் புரிந்துகொண்டதை இங்கே மறுபடி சொல்கிறேன். அவன் எதைத் திருடினான், நான் எதை மாற்றி எழுதினேன் என்பது இதில்தான் இருக்கிறது. சிடியில் இருந்து எடுத்த ஒரு பாட்டு, நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு புள்ளிகளாகத்தான் பிளேயரில் கிடக்கிறது. அந்தப் புள்ளிகளைக் கோர்த்து மறுபடி ஒலியாக்கும்போது, உண்மையான பாட்டுக்கு மேலே, நம் காதுக்கு எட்டாத உயரத்தில், அதே பாட்டின் பொய்யான நகல்களும் சேர்ந்து உண்டாகிவிடுகின்றன. அந்த நகல்களை வெட்டி எறிவதுதான் ஃபில்டரின் வேலை. எப்படி வெட்டுவது என்பதில்தான் அந்த ஐந்து பெயர்களும். ஷார்ப் என்றால் காதுக்கு எட்டும் எல்லை வரை பாட்டைத் தொடாமல் விட்டு, எல்லை தாண்டியதும் செங்குத்தாக வெட்டுவது. அப்படிச் சடாரென்று வெட்டினால், தாளத்தில் ஓர் அடி விழும்போது, அந்த அடிக்கு முன்னும் பின்னும் ஒரு மெல்லிய நடுக்கம் ஒட்டிக்கொள்ளும். ஸ்லோ என்றால் சரிவாக வெட்டுவது. நடுக்கம் குறையும், ஆனால் பாட்டின் உச்சிக் கூர்மை கொஞ்சம் மழுங்கும், பொய் நகல்களும் கொஞ்சம் கசியும். உன் அத்தாவுக்கு இதை விளக்குவதற்காக ஓர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக் காட்டினேன். "தட்டனதுக்கு அப்பால சத்தம் வரும், சரி. தட்றதுக்கு முன்னாடியே எப்டி வரும்?" என்று கேட்டார். தட்டில் வராது, ஃபில்டரின் கணக்கில் வரும், அதுதான் இதில் விசித்திரம் என்றேன். அப்படி முன்னால் வருவதைப் பிடிக்காதவர்களுக்காகத்தான் மினிமம் ஃபேஸ் என்று இன்னொரு வகை. அது முன்னால் வரும் நடுக்கத்தை முழுவதும் அடிக்குப் பின்னால் தள்ளிவிடும்.

ஷார்ப், ஸ்லோ இரண்டையும் பற்றி மட்டும் முதல் நோட்டில் பதினொரு பக்கம் தமிழில் எழுதினேன். கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: இந்த வித்தியாசம் மிக மிகச் சிறியது, நாற்பது வயது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்கவே கேட்காது, ஃபில்டருக்காக யாரும் புதிய பிளேயர் வாங்க வேண்டாம். விற்கிறவளே இப்படி எழுதலாமா என்று உன் அத்தா சிரித்தார். எனக்கு அந்த வரிதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

தியாகு சங்கராபுரத்துப் பையன். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். வாரம் ஒருமுறை கடைக்கு வருவான். பிளேயர்களையும் இயர்போன்களையும் பற்றி வீடியோ போடுவான், கொஞ்சம் பேர் பார்ப்பார்கள். என்னை அக்கா என்பான். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். ஒரு நாள் நோட்டைப் பார்த்துவிட்டுப் படிக்கக் கேட்டான். நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவனுடைய வீடியோ வந்தது. என் பதினொரு பக்கமும் அதில் இருந்தது. எவர்சில்வர் தட்டுகூட இருந்தது. கடைசி வரி மட்டும் இல்லை. வீடியோவுக்காக அவனுக்கு இலவசமாகப் பிளேயர் அனுப்புகிற கம்பெனிக்காரர்களுக்கு அந்த வரி பிடிக்காதே. அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் விட்டிருப்பேன். வீடியோவின் நடுவில் ஒரு கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, குரலை மாற்றி, நம் ஊர்க் கடையில் ஃபில்டர் என்று கேட்டால் இன்னா சொல்லுவாங்க தெரியுமா என்று ஆரம்பித்து, "டிகாக்ஷன் எறங்க லேட்டாவும் தம்பி, குந்து" என்று நடித்துக் காட்டினான். அந்தத் துணியும் அந்தக் குரலும் யாருடையது என்று கள்ளக்குறிச்சியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதை லட்சக்கணக்கில் பார்த்தார்கள் என்று அவனே பிறகு சொன்னான். எனக்கு லட்சம் பேர் தெரியாது. காலேஜ் விட்டு வரும் பையன்கள் கடை வாசலில் நின்று, "அக்கா, காபி ஃபில்டர் கீதா?" என்று கேட்டுவிட்டு ஓடியது தெரியும். ஒருமுறை அப்படிக் கேட்டவன் ஓடவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கு நான் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். நான் எழுதியதை வைத்தே என்னை ஒன்றும் தெரியாதவள் என்று ஊருக்குக் காட்டியிருந்தான். உன் அத்தா, "வுடும்மா, நாலு நாள்ல மறந்துடுவானுங்க" என்றார். நீ போனில், நான் வந்து அவனை இரண்டு சாத்து சாத்துகிறேன் என்று குதித்தாய். வேண்டாம், படிப்பைப் பார் என்று உன்னை அடக்கினேன். நான் அடங்கிவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டீர்கள்.

மூன்று மாதம் கழித்து அவன் ஒன்றும் நடக்காதது மாதிரி கடைக்கு வந்தான். "அது சும்மா காமெடிக்குக்கா, மன்சுல வெச்சிக்காதீங்க" என்றான். இல்லை தம்பி, எனக்கும் சிரிப்புதான் வந்தது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு ஏதாவது எழுதினீர்களா என்று கேட்டான். மினிமம் ஃபேஸ் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை என்றேன். அவன் கண் மேசைமேல் இருந்த நோட்டுக்குப் போனதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இரண்டாவது நோட்டை எழுத எனக்கு இருபது நாள் பிடித்தது. முதல் நோட்டைவிட அழகாக எழுதினேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. மினிமம் ஃபேஸ் ஃபில்டர் நடுக்கத்தை முழுவதும் அடிக்கு முன்னால் தள்ளிவிடும், அதனால் அடிக்குப் பிறகு பாட்டு துல்லியமாகக் கேட்கும் என்று எழுதினேன். உண்மை அதற்கு நேர்மாறு. அதை ஒரு தடவை மட்டும் சொல்லவில்லை. அதன்மேல் வரிசையாகக் காரணங்கள் அடுக்கி, படம் போட்டு, படிக்கிறவனுக்குச் சந்தேகமே வராத மாதிரி கட்டினேன். பொய்யை இவ்வளவு சுத்தமாக எழுத வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது. அவன் அடுத்த முறை வந்தபோது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வருகிறேன், கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, நோட்டை மேசைமேல் விரித்தபடி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். நான் தொழவில்லை, இர்ஃபான். திரைக்குப் பின்னால் நின்றேன். துணியின் ஓரத்தில் இருந்த இடைவெளி வழியாக, அவன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் போனில் படம் எடுப்பதைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். தொழுகையைக் கண்ணி வைக்கப் பயன்படுத்தியதற்காக அல்லாஹ்விடம் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவனிடம் கேட்க ஒன்றுமில்லை.

பத்து நாளில் வீடியோ வந்தது. என் பொய் அவன் வாயில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. யாரும் தப்பென்று சொல்லவில்லை. அடுத்த வாரமே கரியாலூரில் ஒரு விடுதிக் கூடத்தில் நம் பாட்டுப் பிரியர்கள் குழுவின் சந்திப்பு, மலைமேல் வண்டிச் சத்தம் இல்லாத இடத்தில் பாட்டுக் கேட்கலாம், தியாகு ஃபில்டர் பற்றிப் பேசுகிறார் என்று அறிவிப்பும் வந்தது. புதுச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் அளவு எடுக்கும் கருவியோடு வருகிறார் என்று அதில் போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பத்து முறை படித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை. உன் அத்தாவிடம் மலைக்குப் போய்வரலாம் என்று மட்டும் சொன்னேன்.

இனிமேல்தான் நீ வருகிறாய். அந்த ஞாயிறுக்கு முன்னால் புதன்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். வெள்ளிக்கிழமை பெங்களூரில் இயர்போன் செய்யும் ஒரு நிறுவனத்தில் உனக்கு இன்டர்வியூ. பள்ளிக்கூட நாளிலிருந்து நீ ஆசைப்பட்ட வேலை. வந்த அன்றைக்கே என் இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நான் அடுப்படியில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் நோட்டை முடித்தாய். இரண்டாவதைத் திறந்தாய். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது தலையைத் தூக்கி, "ம்மா, மினிமம் ஃபேஸ்ல நடுக்கம் முன்னாடி வர்றதுதானே? புக்குல வேற மாதிரி போட்டுக்கிற மாதிரி ஒரு ஞாபகம்" என்று கேட்டாய்.

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால், ஏன் தப்பாக எழுதினாய் என்று கேட்பாய். காரணம் தெரிந்தால் உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. உன் கூட்டாளிகள் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்களிடம் சொல்லிச் சிரிப்பாய், அது ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் காதுக்குப் போய்விடும், வீடியோவை எடுத்துவிடுவான், மேடையில் மாற்றிப் பேசிவிடுவான். காரணம் சொல்லாமல், கைதவறி எழுதிவிட்டேன் கண்ணு என்று ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாமே என்று இன்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு அதுகூட ஆபத்தாகத் தோன்றியது. அந்த மூன்று நாளில் எனக்கு அவன் முகம் மட்டும்தான் கண்ணில் இருந்தது. நீ கையில் சோற்றுக் கவளத்தோடு பதிலுக்குக் காத்திருந்தாய்.

"ஆமா, முன்னாடிதான்" என்றேன்.

நீ தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாய். புத்தகத்தில் படித்த ஞாபகத்தைவிட என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு வைத்திருந்தாய். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

சனிக்கிழமை நீ பெங்களூரிலிருந்து திரும்பி வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாய். மற்றதெல்லாம் நன்றாகச் சொன்னாயாம். கடைசியில் அந்தக் கேள்வி வந்ததாம். நீ முன்னால் என்று சொன்னாயாம். நிச்சயமாகவா என்று கேட்டிருக்கிறார்கள். நிச்சயம் என்று சொல்லி, என் நோட்டில் இருந்த காரணங்களையெல்லாம் அடுக்கினாயாம். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். நடுக்கத்தைப் பின்னால் தள்ளுவதுதான் அந்த ஃபில்டரின் வேலையே என்று பலகையில் வரைந்து காட்டி, போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். நான் உன் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். "நானே படிச்சிக்கினதுதானே கண்ணு, தப்பாப் புரிஞ்சிக்கினேன் போலக்கீது" என்றேன். நீ எழுந்து என் தோளைப் பிடித்தாய். சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாமல் நீயாகப் படித்தது, ஓரிடம் தப்பானால் என்ன, பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். நான் செய்யாத தப்புக்கு என்னை மன்னித்தாய். செய்த தப்பு என் வாய்க்குள்ளேயே இருந்தது.

மறுநாள் காலையில் நீ சேலம் பஸ் ஏறினாய். நானும் உன் அத்தாவும் மலைக்குப் பஸ் ஏறினோம். அங்கே நடந்தது உனக்குத் தெரியும், நீயே எலவனாசூர்கோட்டையில் சொன்னாய். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் பேசி முடித்ததும் எழுந்து, தம்பி, நடுக்கத்தைப் பின்னால் தள்ளுவதுதானே மினிமம் ஃபேஸ், நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்களே என்றேன். அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, "அக்கா, டிகாக்ஷன் வேற, இது வேற" என்றான். கூட்டமும் சிரித்தது. அது போதுமென்று நினைத்தேன், இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் என்று நினைத்தேன். புதுச்சேரிப் பொறியாளர் கையைத் தூக்கி, அந்த அம்மா சொல்வதுதான் சரி, வேண்டுமென்றால் இப்போதே பார்க்கலாம் என்றார். தியாகுவின் பிளேயரையே வாங்கி, ஒரே ஓர் அடி மட்டும் இருக்கும் ஒலியை அதில் ஓடவிட்டு, தன் கருவி காட்டும் கோட்டைச் சுவரில் பெரிதாகப் போட்டார். கோடு அசையாமல் வந்தது. அடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் நடுங்கியது. அவன் மைக்கைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தான். ஓர் இடத்தில் படித்தேன், அவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றான்.

"எங்க படிச்சன்னு சொல்லு தம்பி" என்றேன். "நாங்களும் படிச்சிக்கிறோம்."

அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சொன்னால் திருட்டு, சொல்லாவிட்டால் மூடன். அவன் முகத்தில் அது ஏறுவதை நான் நின்றுகொண்டே கண்ணெடுக்காமல் பார்த்தேன். பிறகு என் பையில் இருந்து முதல் நோட்டை எடுத்துப் பொறியாளர் கையில் கொடுத்து, இவருடைய முதல் வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டி, அவன் விட்டுவிட்ட கடைசி வரியை மட்டும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கைதட்டினார்கள். எனக்கு இனித்தது. அதை உன்னிடம் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பாக எனக்கு வேறெதுவும் இருந்ததில்லை.

திரும்பி வரும்போது வளைவுகளில் உன் அத்தா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் முகத்திரைக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். கோமுகி அணைப் பக்கம் வந்ததும் சிக்னல் கிடைத்து, என் போன் அடித்தது. நீதான். குழுவில் இருந்த உன் கூட்டாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். "ம்மா, நேத்து நான் வந்து சொன்னத வெச்சித்தானே அவன மடக்கின?" என்றாய். நான் மறுக்கவில்லை. நீ அதை ஆமா என்று எடுத்துக்கொண்டாய். "அப்ப என் இன்டர்வியூ வீணாப் போலம்மா" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்த இனிப்பு அந்த நிமிஷத்தோடு போய்விட்டது. நான்கு வருஷமாக நீ சொல்லும் கதை அங்கே பிறந்ததுதான். நீ வந்து சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை, இர்ஃபான். எனக்கு முன்பே தெரியும். எழுதும்போதே தெரியும். உனக்கு ரசம் ஊற்றும்போதும் தெரியும்.

அதற்குப் பிறகு நீ சென்னையில் ஒரு வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில் இரண்டு வருஷம் தலையில் மைக்கை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கினாய். இயர்போன் பற்றிப் பேச்செடுத்தால், அதெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா என்று எழுந்துபோவாய். இப்போது காது கேளாதவர்களுக்கான கருவிகளைச் சரிசெய்யும் வேலையில் நன்றாக இருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவாக வந்தது, என்னால் வந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை நீ நம்பிக்கை இழந்தது உன் அறிவின்மேல். உன் அறிவில் ஒரு குறையும் இல்லை. புத்தகத்தில் வேறு மாதிரி இருந்ததாக உனக்கு வந்த ஞாபகம் சரியான ஞாபகம்.

தியாகு என்ன ஆனான் என்று நீ கேட்டதில்லை, சொல்லிவிடுகிறேன். அவனுக்குப் பிளேயர் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வீடியோக்களை எடுத்துவிட்டான். ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தான். உட்காரவில்லை. "வேணும்னேதான் தப்பா எழுதுனீங்களாக்கா?" என்று கேட்டான். அது என் நோட்டு, சரியாகவும் எழுதுவேன், தப்பாகவும் எழுதுவேன், உன்னை யார் படிக்கச் சொன்னது என்றேன். எடுப்பதற்கு முன்னால் உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வந்திருந்த ஒருவருக்குச் சார்ஜர் எடுத்துக் கொடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான். இப்போது விழுப்புரத்தில் ஏதோ ஒரு கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. எதிரில் வந்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திரும்ப அதே மாதிரி நடந்தால் திரும்பவும் நோட்டை மேசைமேல் விரித்து வைப்பேன். ஆனால் அதற்கு முன்னால் உனக்குப் போன் பண்ணி, இரண்டாவது நோட்டைத் தொடாதே என்று சொல்லிவிடுவேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்தி இவ்வளவுதான். ஒருவன் உன்னை அவமானப்படுத்தினால் கோபப்படு. நியாயமான கோபத்தை விழுங்கச் சொல்லி ரிஸ்வானாவிடமும் சொல்லாதே, அவள் உன்மேல் கோபப்பட்டாலும் சொல்லாதே. ஆனால் கோபத்தில் ஒரு காரியம் செய்யத் தொடங்கும்போது, உன் வீட்டுக்குள் யாரெல்லாம் உன்னை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார். அவர்கள் ஏதாவது கேட்டால் உண்மையைச் சொல். அதற்காக உன் எதிரி தப்பித்துப் போனாலும் சரி. நான் அதைச் செய்யவில்லை.

இன்று காலையில் உன் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் இருந்து ஆரம்பித்து, ரசம் ஊற்றியது வரை. முடித்ததும், "புள்ள சோத்துல கைய வெச்சிக்கினு கேட்டுது, நீ ஆமான்னியா?" என்றார். ஆமாம் என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் என்னோடு டீ குடிக்காமல் அவர் கடைக்குப் போனதில்லை. இன்று போனார். நான் ஆற்றி வைத்த டீயை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நாளைக் காலையில் நான் தனியாக எலவனாசூர்கோட்டைக்குப் போய், ரிஸ்வானாவின் அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்து, உங்கள் மருமகன் சொன்ன மாதிரி இல்லை, நடந்தது இப்படி என்று சொல்லப்போகிறேன். உன் வாயால் வந்த பொய் இல்லை அது, என்னால் உன் வாய்க்கு வந்தது. அதை அவர்கள் வீட்டில் விட்டுவைக்க முடியாது. நீ வந்து தடுக்காதே.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு நான் வர வேண்டும் என்று நீ நினைத்தால் நீயே வந்து கூப்பிடு. உன் அத்தாவை அனுப்பாதே, போனில் சொல்லாதே. நடந்தது நடந்துவிட்டது, நீ என் அம்மாதானே என்று அவசரமாக எதையாவது சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். உன் கோபம் உனக்கு எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு நாள் வைத்துக்கொள், கல்யாணத்துக்காக அதைக் குறைக்காதே. நீ வரவில்லையென்றால் அன்றைக்கு நான் கடையைத் திறந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். மகன் கல்யாணத்துக்குப் போகாமல் கடையில் இருக்கிறீர்களே என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா